நம் ஊர் மருந்தடிக்கும் ட்ரோன் 25 கிலோவைத் தாண்டாதது ஏன்?

குரோம்பேட்டை_பட்டறை:

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பட்டறைக்கு வந்திருந்தார். பத்து லிட்டர் டேங்க் வைத்த எங்கள் ட்ரோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் தம்பி, ஏக்கருக்கு ஒரு தரம் இறக்கி நிரப்ப வேண்டியிருக்கே, இருபது லிட்டர் டேங்க் வைத்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

மோட்டாரை மாற்றினால் தூக்கிவிடும். கார்பன் குழாயும் தாங்கும். ஆனால் மருந்து, பேட்டரி எல்லாம் சேர்ந்து மொத்த எடை 25 கிலோவுக்குள் இருந்தால்தான் அது 'சிறிய' வகை. அதைத் தாண்டினால் 150 கிலோ வரை 'நடுத்தர' வகை. அதற்கு டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்கான தகுதிச் சான்று) வேறு, ஓட்டுபவர் வாங்க வேண்டிய சான்றிதழும் வேறு. எனக்குத் தெரிந்த பயிற்சி மையங்களில் பெரும்பாலானவை சிறிய வகைக்குத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. ஓட்ட ஆள் கிடைக்காத வண்டியை யார் வாங்குவார்? அதனால் டேங்க் நிரம்பிய நிலையில் என் ட்ரோன் தராசில் 24 கிலோ 800 கிராம் காட்டுகிறது. அந்த 200 கிராம் இடைவெளிக்காக லேண்டிங் கியரை மூன்று முறை மாற்றியிருக்கிறோம்.

அவர் போன பிறகு எனக்கு ஓடிய யோசனை இதுதான். இந்த இயந்திரத்தை வடிவமைத்தது நானா, 2021 ட்ரோன் விதிப் புத்தகமா?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. டிஜேஐ நிறுவனம் 2019-ல் மேவிக் மினி என்ற சிறு ட்ரோனை விட்டது. எடை 249 கிராம். அமெரிக்காவில் 250 கிராமிலிருந்துதான் பதிவு கட்டாயம். அதே ட்ரோன் ஜப்பானில் 199 கிராமில் விற்பனைக்கு வந்தது, ஏனென்றால் அங்கே அப்போது எல்லை 200 கிராம். அந்த எல்லைக்குள் வருவதற்காகப் பேட்டரியையே சிறிதாக்கினார்கள். ஜப்பான்காரருக்குப் பறக்கும் நேரம் குறைந்ததற்குக் காரணம் பொறியியல் கிடையாது, அரசிதழ்.

நான் 2012-ல் கல்லூரி ஏரோமாடலிங் குழுவில் ஆரம்பித்தவன். 2014-ல் ஒரு கோயில் குடமுழுக்கை மேலிருந்து படம் எடுக்க முதல் கூலி வேலை கிடைத்தது. அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். அக்டோபர் 7 அன்று டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அறிவிப்பு வந்தது: விதிகள் வரும்வரை தனியார் யாரும் ஆளில்லா விமானம் பறக்கவிடக் கூடாது. விதிகள் எப்போது வரும் என்று அதில் இல்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். விதி வந்தது 2018 ஆகஸ்டில், நடைமுறைக்கு வந்தது அந்த டிசம்பர் 1-ல். நான்கு வருடம். எங்கள் குழுவில் ஐந்து பேர், இன்று இந்தத் தொழிலில் இருப்பது நான் ஒருவன்.

கடுமையான விதி கெடுதலா, விதியே இல்லாமல் காத்திருப்பது கெடுதலா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். விவசாயிகள், வக்கீல்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

மதுரை_கறுப்புக்கோட்டு:

நல்ல கேள்வி நண்பரே. என் பதில்: காத்திருப்பதுதான் பெருங்கெடுதல்.

2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சாக் கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிக் காட்டியது. செய்தி நாடெங்கும் பரவியது. போலீஸ் விசாரித்தது. விமானப் போக்குவரத்துத் துறைக்கும் அன்று கையில் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இல்லாதபோது அதிகாரிக்குப் பாதுகாப்பான ஒரே பதில் 'வேண்டாம்' என்பதுதான். அனுமதி கொடுத்து விபத்து நடந்தால் கேள்வி அவர்மேல் வரும். அனுமதி மறுத்து ஒரு தொழில் வளராமல் போனால் யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

அமெரிக்காவிலும் தெளிவான விதி 2016 ஆகஸ்டில்தான் வந்தது. ஆனால் அதுவரை சும்மா மூடி வைக்கவில்லை. 333 என்ற சட்டப் பிரிவின் கீழ் விண்ணப்பித்தவர்களுக்குத் தனித்தனியாக விலக்கு கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அப்படிப் பறக்கவிட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து விதியை எழுதினார்கள். நம்மிடம் அந்த இடைவழி பெயரளவில்தான் இருந்தது.

இன்னொன்று. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். பழைய பழக்கப்படி மறுநாளே முழுத் தடை வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பதினெட்டு நாள் கழித்து, ஜூலை 15-ல், தாராளமான வரைவு விதிகள் வெளியாயின. ஆகஸ்ட் 25-ல் அவை ட்ரோன் விதிகள் 2021 ஆயின. அந்த வருடம் மார்ச்சில்தான் வேறு ஒரு விதித் தொகுப்பை அறிவித்திருந்தார்கள், தொழில் செய்பவர்கள் எல்லோரும் அதை எதிர்த்தார்கள். ஐந்தே மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியது அமைச்சகம். 25 படிவம் 5 ஆனது. 72 வகைக் கட்டணம் 4 ஆனது. தான் செய்தது தப்பு என்று ஒரு துறை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மனதாரப் பாராட்டுகிறேன்.

கடைமடை_உழவன்:

தம்பி, நான் திருவாரூர்ப் பக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒரு ட்ரோன் வைத்திருக்கிறோம். விமானத் துறை விதியைப் பற்றியே இரண்டு பேரும் பேசுகிறீர்கள். எங்களுக்கு இடித்தது வேறு இடத்தில்.

கைத்தெளிப்பானில் அடித்தால் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனில் பத்து லிட்டர். மருந்தின் அளவு அதேதான், தண்ணீர் மட்டும் இருபதில் ஒரு பங்கு. அப்படியென்றால் கரைசல் இருபது மடங்கு திடம். பாட்டில் லேபிளில் எழுதியிருப்பது கைத்தெளிப்பானுக்கான கணக்கு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான அந்த லேபிளில் ட்ரோன் முறை இல்லை. பயிர் கருகிப்போனால் மருந்துக் கம்பெனி கையை விரித்துவிடும். எங்கள் முதல் வருடம் ஒருவர் வயலில் இலை நுனி கருகியது. கடைக்காரர், கம்பெனி ஆள், ட்ரோன் விற்றவர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். நஷ்டத்தை நாங்களே பகிர்ந்து கட்டினோம்.

வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில்தான் ட்ரோன் தெளிப்புக்கான வழிமுறையைக் கொடுத்தது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளுக்கு இரண்டு வருடத் தற்காலிக அனுமதி. அதற்கு அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. வானத்தை டிஜிசிஏ திறந்துவிட்டாலும் பாட்டிலைத் திறக்க வேறு ஓர் அலுவலகம் வேண்டியிருக்கிறது. உங்கள் பட்டறையில் இது தெரிந்திருக்காது.

அப்புறம் பாஸ்போர்ட் கதை. ஓட்டுநர் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றார்கள், சந்தோஷம். விண்ணப்பிக்கப் போனால் பாஸ்போர்ட் கேட்டது. எங்கள் பையன்களில் ஒருவன்கூட வெளிநாடு போக நினைத்தவன் இல்லை. சொந்த வயலில் மருந்தடிக்கப் பாஸ்போர்ட் எதற்கு? 2023 செப்டம்பரில் திருத்தினார்கள், வாக்காளர் அட்டையோ ரேஷன் கார்டோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் போதும் என்று. அதற்குள் இரண்டு பையன்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

ஓய்வுபெற்ற_பரிசோதகர்:

நான் அரசு பரிசோதனைக் கூடம் ஒன்றில் முப்பது வருடம் இருந்தவன். விமானத் துறை அல்ல, மின்சாதனப் பரிசோதனை. விதி என்றாலே முட்டுக்கட்டை என்று பேச்சு போய்விடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

கடைமடை ஐயா, லேபிள் விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வானிலிருந்து மருந்தடிப்பதில் அரசு தயங்குவதற்கு இந்த நாட்டில் ஒரு காரணம் உண்டு. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் அடித்தார்கள். இருபது வருடத்துக்குமேல் நடந்தது. அடித்தது அரசுத் தோட்டக் கழகம். தடுக்க வேண்டிய இடத்திலும் அரசுதான் இருந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதிக்கும்போது ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குச் சேதம் ஆகியிருந்தது. நான் அந்தக் கிராமங்களில் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவன் 'வானத் தெளிப்புக்குச் சீக்கிரம் அனுமதி கொடு' என்று எழுத முடியாது. காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் மருந்து போகும். எந்த உயரத்தில், எவ்வளவு காற்றில், எந்த அளவுத் துளியாக அடிக்கலாம் என்று எழுதி வைத்தது முட்டுக்கட்டை ஆகாது.

எடை வரம்புக்கும் இதே நியாயம். 25 கிலோ எடை தலைக்குமேல் பறக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு சின்ன ட்ரோன் இறக்கை ஒரு பையனின் கையைக் கிழித்ததை நேரில் பார்த்தேன். அது ஒன்றரைக் கிலோகூட இருக்காது.

என் குறை வேறு. எல்லையை எங்கே போடுவது என்பதற்கு நம் நாட்டில் செய்த பரிசோதனை என்ன? 250 கிராம், 25 கிலோ இரண்டும் வெளிநாட்டு விதிகளில் இருந்த எண்கள்தான். வயலுக்குமேல் ஆளில்லாத நேரத்தில் 30 கிலோ பறந்தால் ஆபத்து எவ்வளவு கூடுகிறது, ஊருக்குள் 10 கிலோ பறந்தால் எவ்வளவு கூடுகிறது? இரண்டாவதுதான் எனக்குப் பயம். ஆனால் எடைப்படி வகை பிரித்தால் இரண்டாவது, முதலாவதைவிடச் சின்ன வண்டி ஆகிவிடுகிறது.

குரோம்பேட்டை_பட்டறை:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். காசர்கோட்டை நான் இந்தக் கோணத்தில் நினைத்ததே இல்லை. தெளிப்பு முனையின் துளி அளவைப் பற்றி நாங்கள் பட்டறையில் பேசுவதெல்லாம் மருந்து வீணாகாமல் இருக்க என்றுதான். பக்கத்து வீட்டுக் கிணறு எங்கள் பேச்சில் வந்ததில்லை. இனிமேல் வரும்.

நீங்கள் கேட்ட பரிசோதனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 விதியில் 'அனுமதி இல்லையேல் எழும்பாதே' என்ற நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு தரம் பறக்கும் முன்பும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும், அந்த டிஜிட்டல் கையெழுத்தை ட்ரோன் தானே சரிபார்த்தால்தான் மோட்டார் சுற்றும். யோசனை அருமை. உலகத்தில் வேறு யாரும் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கட்டாயம் ஆனபோது தளம் தயாராக இல்லை. பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைப் பிறகு தருகிறேன் என்பது மாதிரி. எங்கள் ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளை மாதிரியான பலகை) ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடுவது. அதற்குள் இந்தச் சரிபார்ப்பை நுழைக்க ஆறு மாதம் உட்கார்ந்தோம். அந்த ஆறு மாதத்தில் புது மோட்டாரோ புது தெளிப்பு முனையோ செய்திருக்கலாம். 2021 விதி இதைத் தள்ளிவைத்தது: பின்னால் அறிவிப்போம், அறிவித்தாலும் குறைந்தது ஆறு மாத அவகாசம் கொடுப்போம் என்று. அந்த அவகாசத்தை எழுத்தில் வைத்தது சின்ன விஷயமாகத் தெரியும். பட்டறை நடத்துபவனுக்கு அது பெரிய விஷயம். எதற்குக் காசு போடலாம் என்று இப்போது கணக்குப் போட முடிகிறது.

கோவை_காயில்:

மோட்டார் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வந்துவிட்டேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் குடும்பம். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை உண்டு. இவ்வளவு பெரிய மோட்டார் ஊரில் ட்ரோன் மோட்டார் செய்பவர்கள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கிறார்கள்? இதற்கும் விதிதான் காரணம் என்பது என் கருத்து. ஆனால் இதுவரை நீங்கள் பேசிய விதி எதுவும் காரணம் இல்லை.

2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். முழுதாகவும் கொண்டுவரக் கூடாது, பிரித்து எடுத்து வந்தும் மாட்டக் கூடாது. பாகங்களை மட்டும் தாராளமாக இறக்கலாம். இதன் விளைவு என்ன? மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), பேட்டரி செல், கேமரா எல்லாம் சீனாவின் ஷென்ஜென்னிலிருந்து தனித்தனிப் பெட்டியில் வரும். இங்கே கார்பன் சட்டகத்தில் திருகி ஸ்டிக்கர் ஒட்டினால் இந்திய ட்ரோன். எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, பட்டறைத் தம்பி கோபிக்க வேண்டாம். ஆனால் அந்த வழிக்குத்தான் லாபம் அதிகம். இறக்குமதி மோட்டார் விலைக்கு நான் செய்த மோட்டார் வரவே வராது, ஏனென்றால் அவன் லட்சக்கணக்கில் செய்கிறான், நான் நூற்றுக்கணக்கில் செய்கிறேன்.

இதைச் சரிக்கட்டத்தான் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது, 2021 செப்டம்பரில். மூன்று வருடத்துக்கு 120 கோடி, இங்கே கூட்டிய மதிப்பில் 20 சதவீதம் ஊக்கத்தொகை. பாகம் செய்யும் சிறு நிறுவனத்துக்கு ஆண்டு விற்பனை 50 லட்சம் இருந்தாலே தகுதி. வைண்டிங் கடைக்காரனுக்கும் கதவு திறந்த மாதிரிதான் இருந்தது. நானும் கணக்குப் பார்த்தேன். ஊக்கத்தொகை வருவது விற்ற பிறகு. அச்சு, பேலன்சிங் இயந்திரம், சோதனை மேடை இதற்கெல்லாம் பணம் போட வேண்டியது விற்பதற்கு முன்பு. வங்கியில் கேட்டேன். வங்கி மேலாளர் நல்ல மனிதர்தான். "ஆர்டர் கையில் இருக்கா?" என்றார். இல்லை. அவ்வளவுதான், எழுந்து வந்துவிட்டேன்.

காந்தமும் ஒரு பிரச்சினை. இந்த மோட்டாருக்கு நியோடிமியம் காந்தம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் அரிய மண் தனிமங்கள் கொண்ட மோனசைட் கிடக்கிறது, அரசு நிறுவனமே மணலை எடுக்கிறது. அதைக் காந்தமாக்கிக் கோவைக்குக் கொண்டுவரும் சங்கிலிதான் நடுவில் அறுந்து கிடக்கிறது. (மணல் எடுப்பதில் அந்தக் கரையோர மக்களுக்கு உள்ள எதிர்ப்பு தனியாகப் பேச வேண்டியது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவதாக நினைக்காதீர்கள்.)

2025 பிப்ரவரியில் ராணுவம் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்தது. காரணம் சீனப் பாகங்கள். அன்று எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து "இப்ப நம்ம மோட்டாரைக் கேப்பாங்களா அண்ணே?" என்றார்கள். இறக்குமதித் தடை மூன்று வருடத்தில் எழுப்பாத கேள்வியை ஒரு கொள்முதல் முடிவு எழுப்பியது. வாங்குபவன் போடும் நிபந்தனையைத் தொழிற்சாலை உடனே கேட்கும்.

மதுரை_கறுப்புக்கோட்டு:

கோவைக்காரர் தொட்ட இடம்தான் இந்த விஷயத்தின் நடுமையம். அரசு இங்கே விதி போடுபவர் மட்டும் இல்லை, பெரிய வாடிக்கையாளரும்கூட. ருவாண்டாவில் 2016 அக்டோபரில் ஸிப்லைன் நிறுவனம் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ட்ரோனில் ரத்தம் கொண்டுபோக ஆரம்பித்தது. அந்த நாட்டில் நிபுணர்களும் குறைவு, பணமும் குறைவு. ஆனால் சுகாதாரத் துறையே வாடிக்கையாளராக நின்றது, அதே நேரத்தில் விமானத் துறை கூட உட்கார்ந்து பாதுகாப்பைக் கவனித்தது. விதிகளை அந்த அனுபவத்திலிருந்து எழுதினார்கள். தெலங்கானாவில் 2021 செப்டம்பரில் விகாராபாத்தில் ஆஸ்பத்திரி மருந்து கொண்டுபோகும் சோதனை இதே போக்கில்தான் நடந்தது. சோதனை முடிந்த பிறகு தொடர்ந்து வாங்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

தமிழ்நாட்டிலும் நிறுவனங்கள் உருவாகியிருக்கின்றன. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஆளில்லா விமானங்களுக்கென்றே அரசு ஒரு கழகம் வைத்திருக்கிறது. வல்லம் வடகாலில் டிட்கோ (மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம்) கூட்டு முயற்சியாகப் பொதுச் சோதனை மையம் ஒன்று திட்டமிடப்பட்டது, 45 கோடியில். பட்டறை நண்பரே, அது உங்களுக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

குரோம்பேட்டை_பட்டறை:

கட்டணத்தைப் பொறுத்தது வக்கீல் சார். ஒரு வடிவமைப்பை மாற்றினால் மறுபடியும் சோதனை வேண்டும். சோதனைக்கு வண்டியை வடநாட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தேதிக்குக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் சின்ன முன்னேற்றம் கையில் இருந்தாலும் வண்டியில் சேர்க்காமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். நல்ல தெளிப்பு முனை ஒன்று எட்டு மாதமாக டிராயரில் கிடக்கிறது. பக்கத்திலேயே மையம் இருந்து, சின்ன மாற்றத்துக்குச் சின்னக் கட்டணம் என்று வைத்தால் அது நாளைக்கே வயலுக்குப் போகும்.

செஞ்சி_ட்ரோன்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டுகிறேன். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசின் ட்ரோன் தீதி திட்டம். 15 நாள் பயிற்சி, அதில் 5 நாள் ஓட்டுவதற்கு. விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம், மீதி கடன்.

பயிற்சி முடித்துச் சான்றிதழ் கையில் வாங்கிய அன்று என் மாமியார் அழுதுவிட்டார். அதற்கு முன்னால் குழுவில் கோழி வளர்ப்பும் ஊறுகாயும்தான். இப்போது பக்கத்து ஊர் ஆண்கள் போன் செய்து "எப்ப வர்றீங்க?" என்று கேட்கிறார்கள். அதை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன்.

ஆனால் நீங்கள் எல்லோரும் 25 கிலோ பற்றிப் பேசுகிறீர்களே, அதைத் தூக்குபவர் யார் என்று யோசித்தீர்களா? டேங்க் காலியாக இருந்தாலும் வண்டி கனமாகத்தான் இருக்கிறது. ஆட்டோவிலிருந்து இறக்கி, வரப்பில் வைத்து, இடம் மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். நானும் என் கூட வரும் பெண்ணும் ஒரு நாளில் இருபது முறை தூக்குகிறோம். பிடிக்க நல்ல இடம் கிடையாது, கார்பன் குழாயைப் பிடித்தால் உள்ளங்கை வழுக்குகிறது. அவளுக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரம் வேலை நின்றது. இரண்டு துண்டாகப் பிரித்து எடுத்துப்போகும்படி இருந்தால் போதும். கம்பெனிக்குச் சொன்னேன். 'அரசு கேட்ட அம்சங்களில் அது இல்லை' என்றார்கள். வாங்குவது நாங்கள், கடன் கட்டுவதும் நாங்கள். ஆனால் என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதியது வேறு யாரோ.

சர்வீஸும் அப்படித்தான். தென்னை மட்டையில் மோதி ஒரு கை உடைந்தது. பாகம் வர இருபத்திரண்டு நாள். அது நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு அடிக்கும் நேரம். இருபத்திரண்டு நாள் கழித்து வந்து யாருக்கு அடிப்பது? மானிய விதியில் 'பாகம் எத்தனை நாளில் வர வேண்டும், வராவிட்டால் கம்பெனி என்ன கொடுக்க வேண்டும்' என்று ஒரு வரி தெளிவாக இருந்தால் கம்பெனிகள் தானாக விழுப்புரத்தில் ஆள் வைக்கும்.

ஓய்வுபெற்ற_பரிசோதகர்:

தங்கச்சி, முப்பது வருடத்தில் நான் படித்த பரிசோதனை அறிக்கைகளில் தூக்கும் ஆளைப் பற்றி ஒரு வரி பார்த்த நினைவு இல்லை. நீங்கள் எழுதியது எடை வரம்பு பற்றிய என் கருத்தையே மாற்றுகிறது. 25-ஐத் தளர்த்த வேண்டும் என்ற பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன். தளர்த்தினால் அடுத்து வருவது 40 கிலோ வண்டி, அதை உங்களால் தொடக்கூட முடியாது. வேலை மறுபடி இரண்டு ஆண்கள், ஒரு டெம்போ என்று போய்விடும்.

கடைமடை_உழவன்:

அந்தப் பெண் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இருபது லிட்டர் டேங்க் நல்லது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரப்பு அகலம் ஒன்றரை அடி. பெரிய வண்டியை எங்கே வைத்து நிரப்புவது?

வக்கீல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. புதுச் சட்டம் வருகிறது, தப்புச் செய்தால் ஜெயில் என்று எங்கள் பையன்கள் பயப்படுகிறார்கள். உண்மையா?

மதுரை_கறுப்புக்கோட்டு:

2025 செப்டம்பரில் வெளியான சிவில் ட்ரோன் வரைவு மசோதாவைத்தான் சொல்கிறார்கள் ஐயா. அது வரைவு. 2021 விதியில் அதிகபட்சம் ஒரு லட்சம் அபராதம். வரைவு மசோதா சில மீறல்களுக்குச் சிறைத் தண்டனை வரை போகிறது, போலீசுக்குச் சோதனை, பறிமுதல் அதிகாரம் கொடுக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. காப்பீட்டை நான் ஆதரிக்கிறேன், இலை கருகிய உங்கள் வயல் மாதிரி இடங்களிலும் யார் நஷ்டம் கட்டுவது என்ற கேள்வியை அது முன்னால் கொண்டுவரும். சிறைத் தண்டனையை ஆதரிக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆயுதம் கொண்டுவருபவனைத் தண்டிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. வயலோரத்தில் பதிவெண் அழிந்துபோன ட்ரோனோடு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம் ஒரு காவலர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன். அந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தனை பையன்கள் சான்றிதழே வாங்காமல் போவார்கள் என்பதை எந்த அமைச்சகமும் எண்ணிப் பார்க்காது.

அதே மாதம் ட்ரோனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கை விலையை இறக்குகிறது, இன்னொரு கை பயத்தை ஏற்றுகிறது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

கோவை_காயில்:

செஞ்சி அக்காவுக்கு: இரண்டு துண்டாகப் பிரிவது இயலாத காரியம் இல்லை. மோட்டார் ஒயரை நடுவில் கனெக்டர் போட்டுப் பிரிக்கலாம். தண்ணீரும் மருந்தும் படும் இடம், அதனால் கனெக்டர் துருப்பிடிக்காமல் பார்க்க வேண்டும். பம்ப்செட்டில் நாங்கள் வருடக்கணக்காகச் செய்வதுதான். பட்டறைத் தம்பி கேட்டால் மாதிரி அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

குரோம்பேட்டை_பட்டறை:

அனுப்புங்கள் அண்ணே. கனெக்டர் எடை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள், என்னிடம் 200 கிராம்தான் இருக்கிறது. டேங்கை ஒன்பது லிட்டராகக் குறைத்தால் இன்னும் ஒரு கிலோ கிடைக்கும், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துவிடலாம். ஏக்கருக்கு ஒன்பது போதுமா என்று கடைமடை ஐயாதான் சொல்ல வேண்டும்.

இப்படி மாற்றினால் மறுபடி சான்றுக்குப் போக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் செஞ்சி அக்கா, நீங்களும் உங்கள் கூட வருபவரும் ஒரு நாள் பட்டறைக்கு வந்து இந்தச் சட்டகத்தைத் தூக்கிப் பார்க்க முடியுமா? எங்கே பிடித்தால் வசதி என்று நீங்களே மார்க்கரில் குறித்துக் கொடுங்கள். பஸ் செலவு என்னுடையது.

கடைமடை_உழவன்:

குறுவைக்கு ஒன்பது போதும் தம்பி. சம்பாவில் புகையான் விழுந்தால் பத்தாது, அது தூரில் உட்காரும் பூச்சி, கீழே வரை நனைய வேண்டும். டேங்கை மாற்றிக்கொள்கிற மாதிரி செய்யுங்கள்.

செஞ்சி_ட்ரோன்_அக்கா:

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் தம்பி. இடுப்புப் பெல்ட் போட்டுக்கொண்டு அவளும் வருகிறாள். தண்ணீர் நிரப்பிய டேங்கோடு தராசில் ஏற்றி வையுங்கள், காலியாகத் தூக்கிப் பார்த்துப் பயனில்லை.